அத்தாவின் நாற்காலி

கள்ளக்குறிச்சி

அன்பு மகன் காஜா மைதீனுக்கு, அம்மா காசிம் பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நாக்பூரில் நீ நல்ல சுகம் என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தாய், அதற்கு முந்தியதிலும் எழுதியிருந்தாய். அது பொய் என்று இப்போது தெரிந்துபோனது, அதனால்தான் அரைத்த மாவை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

கல்வராயன் மலையில் நல்ல மழை, கோமுகி ஆற்றில் தண்ணீர் போகிறது, மலைக் கிழங்கு லோடு இன்னும் இறங்கவில்லை. ஈரக்காற்று பட்டால் உன் அத்தாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, காலையில் நான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினால்தான் கட்டிலை விட்டு எழுகிறார். எனக்கும் வயசாகிறது, முடியவில்லையடா. சோறு பிசைந்தால்கூடக் கையில் தைல வாடைதான். போன வாரம் ஒரு கோபத்தில், லாரி ஓட்டினது நீங்க, சொமக்கறது நானா என்று கேட்டுவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் அழுகை வந்தது.

உன்னோடு லாரி ஓட்டுகிற தியாகதுருகத்துப் பொன்னுரங்கம் லீவில் வந்தவர், நீ கொடுத்தனுப்பிய போர்வையைக் கொண்டுவந்தார். டீ குடிக்கும்போது, காஜாவுக்கு இடுப்பு வலி ஜாஸ்திம்மா, மாத்திரை போட்டுக்கினுதான் வண்டி எடுக்கறான், வூட்ல சொல்லாதன்னு வேற சொன்னான் என்று கொட்டிவிட்டார். தொழுகைக்காவது இறங்குவானா என்று கேட்டேன். எங்கம்மா, ரெண்டு வேளையும் ஒண்ணா சேத்து தொழுதுட்டு ஏறினான்னா இன்னா சொன்னாலும் ராத்திரிக்குத்தான் இறங்குவான் என்றார். கட்டிலில் கிடந்த அத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போன பெருநாளைக்கு வந்தபோது நீ தொழுதுவிட்டுக் கட்டில் காலைப் பிடித்து எழுந்ததை அடுப்படியிலிருந்து நான் பார்த்தேன், பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன் பாவி.

லாரி ஓட்டின காலத்தில் உன் அத்தாவும் இதேதான் செய்தார். பயணத்தில் இருப்பவன் சேர்த்துத் தொழலாம் என்று சலுகை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அடியானுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று அல்லாஹ் கொடுத்ததை, வண்டி நிற்காமல் ஓடுவதற்கு அவர் வைத்துக்கொண்டார். அப்படி எங்கும் நிறுத்தாமல் உளுந்தூர்பேட்டை வரை வந்து, பொத்தென்று குதித்து, மரத்த இடுப்போடு தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தவர் அங்கேயே விழுந்தார். இரண்டு பேர் தூக்கிவந்து வாசலில் இறக்கினார்கள். இறக்கியதோடு அவருடைய லாரி முதலாளி வேறு டிரைவரைப் பார்த்துக்கொண்டான், நம் வாசலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் ராஜா, ஒவ்வொரு வேளைக்கும் வண்டியை ஓரங்கட்டு, உன் முதலாளி கத்தினால் கத்தட்டும். குதிக்காமல் கம்பியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி இறங்கு. கை கால் முகம் கழுவி ஒளு செய், தொழு, கொஞ்ச தூரம் நட, உடம்பு இளகின பிறகு கயிற்றில் கை வை. அத்தாவும் ஒன்று எழுதச் சொன்னார். உயரமாக உட்கார்ந்தால் ரோடு தெரியும் என்று போர்வையை மடித்து மடித்து ஸீட்டில் போடாதே, முதுகு சாய இடமில்லாமல் போகும், இடுப்புப் பள்ளத்தில் துண்டைச் சுருட்டி வைத்துச் சாய்ந்து ஓட்டு, பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்து அதன் மேல் உட்காராதே என்கிறார். மாத்திரை போட்டு வலியை மறைக்காமல் டாக்டரிடம் போய்க் காட்டு.

அத்தாவால் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்ய முடியாது என்று பள்ளிவாசலில் வரிசை ஓரமாக நாற்காலி போட்டிருக்கிறார்கள் இல்லையா, இந்த வெள்ளிக்கிழமை அதன் பக்கத்தில் புதிதாக இன்னொன்று போட்டிருந்தார்களாம். யாருக்கு என்று தெரியாது. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் கேட்டபிறகு, காலியாத்தான் இருந்துச்சு, ஆனா நம்ம காஜா அதுல குந்திக்கினு இருக்கற மாதிரியே இருந்துச்சு, என்னால தொழ முடியல காசிம் என்றார்.

அல்லாஹ் உன் உடம்பையும் உன் வழியையும் காக்கட்டும், ஆமீன். பெருநாளைக்குக் கட்டாயம் வந்துவிடு. அத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தொழு. நீ நெற்றியைத் தரையில் வைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்பதை அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜா. காசிம் பீவி