தொட்டியில் கையை விடாதே

நிருபம்,

பராநகரில் அம்மா வைக்கும் மாப்பிள்ளை விருந்துக்கு, மாப்பிள்ளை இல்லாமல் நான் மட்டும் போகிறேன். "தொட்டித் தண்ணி பால் மாதிரி கலங்கிக் கெடக்கு, மீனை விட்டுட்டு எப்படி வர்றது?" என்று நேற்று கேட்டாயே, அதை அப்படியே அம்மாவிடம் சொல்கிறேன். சிரிக்கட்டும்.

சோறும் பருப்பும் அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன்.

வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். "தெனமும் மொத்தத் தண்ணியையும் மாத்தி, ஃபில்டர் பஞ்சையும் குழாயில பிடிச்சுக் கழுவினா எப்படி அண்ணி தெளியும்? தண்ணியைத் தெளிய வைக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போயிடும். அண்ணனைச் சும்மா இருக்கச் சொல்லுங்க, போதும்."

எட்டு மாதமாகக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, சும்மா இருந்தாய். என் தம்பி கல்யாணத்தில் ஊரே ஓடியாடியது, நீ சோபாவில் சும்மா இருந்தாய். சும்மா இருக்க வேண்டிய ஒரே இடம் இந்தத் தொட்டி. இங்கே மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிறாய்!

நாலு நாள் தொடாதே. தீனி ஒரு சிட்டிகை, ஒரே வேளை. திரும்பத் திரும்பப் பரிமாற அவை மாப்பிள்ளைகள் இல்லை.

சர்வாணி

வாளியைத் தேடாதே. அதில்தான் அம்மாவுக்கு மாம்பழம் கொண்டுபோகிறேன். வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள். கிளம்பினால் சாவியைக் கீழ்வீட்டு மித்ரா அண்ணியிடம் கொடு.

ஒரு மணிக்கு இலை போடுவார்கள். அம்மா இலிஷ் மீன் குழம்பு வைக்கிறாள். அந்த மீன் மேல் நீ தாராளமாகக் கை வைக்கலாம்.