பாதியில் நின்ற அப்டேட்டும் ஆயிரமாவது நாளும்

நவம்பர் 6, திங்கள்

அண்ணன் மகள் நிக்கெனின் அச்சுக்கடைக் கணினியை இன்று நான் கொன்றேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும். "பத்தே நிமிஷம், மறுபிறவி எடுத்துடும் பாரு" என்று அவளிடம் சவடால் விட்டு லினக்ஸுக்கு அப்டேட் போட்டேன். மின்மீட்டர் மூன்று நாளாகவே, போட்ட காசு தீரப்போகிறதென்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஜாவாவின் இந்த முந்திலானில் அதற்கெல்லாம் யார் எழுந்து போகிறார்கள்? தெருவே அந்தக் கீச்சொலியில்தான் சோறு தின்கிறது. அறுபத்தொரு சதவீதத்தில் கடை இருண்டது. காசு கட்டி வாங்கிய டோக்கன் எண்ணை மீட்டரில் குத்தியதும் விளக்கு வந்தது. கணினி வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு கஸ்மின் அண்ணனின் மனைவி இறந்த ஆயிரமாவது நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க, குர்ஆனின் யாசீன் அத்தியாயம் கொண்ட இருநூறு புத்தகம் நிக்கென் அச்சிட வேண்டும், முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் படம். எண்ணிக் குறித்த நாள், தள்ள முடியாது. கல்யாண மாதம் வேறு. ஊரில் எந்த அச்சகமும் கை காலியாக இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

பென்டிரைவ் வழியாகக் கணினியை எழுப்பி, முதலில் புத்தகக் கோப்பைக் காப்பாற்றினேன். பிறகு, பாதியில் நின்றதை முடி என்று ஆணையிட்டேன். இடமில்லை என்றது. எதற்கும் இருக்கட்டும் என்று லினக்ஸின் கருவான கெர்னல்களில் பதினோரு பழையவற்றைச் சேர்த்து வைத்த மகான் யார்? இதை எழுதுகிறவர்தான். ஒன்பதை அழித்தேன். எரிமலை வாய் திறந்ததுபோல் வரிகள் கொட்டின. கணினி கண் விழித்தது. இமயத்தை இடுப்பில் தூக்கியவன்போல் நின்றேன்.

பிரிண்டரைக் காணோம். புதிய பதிப்பு அதை இயக்கும் டிரைவர் நிரலைக் கழற்றி எறிந்துவிட்டது.

சந்தையில் கணினிக் கடை வைத்திருப்பவர் அரை மணியில் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறாராம், பிரிண்டர் உடனே ஓடுமாம். நிக்கென் குரலை உயர்த்தவில்லை. "வியாழன் மத்தியானம் வரைக்கும் டைம் சித்தப்பா. அப்புறம் லினக்ஸுன்னு என்கிட்ட பேசக்கூடாது."

நவம்பர் 8, புதன்

மருமகள் வந்தால்தான் மாமியார் வருவாளாம். மாமியார் போனால்தான் மருமகள் வருவாளாம். டிரைவரும் அதன் துணை நிரலும் இப்படி. இணையத்தில் கண்ட கட்டளையையெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். சிக்கல் இரட்டிப்பானது.

மாலை கஸ்மின் அண்ணன் வந்தார். படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வருமா என்று கேட்டார். "ஆயிரத்துக்கு அப்புறம் அவளுக்குன்னு ஊரைக் கூப்பிட ஒரு நாளும் இல்ல தம்பி."

வரும் என்றேன். பிழை வரிகள் ஓடிய திரையை உடம்பால் மறைத்துக்கொண்டேன்.

என்னையே கேட்டுக்கொண்டேன்: என்னடா பண்ணி வச்சிருக்க? ஒரு மனுஷன் பொண்டாட்டிக்குக் கடைசியா செய்யற காரியம் — பெருமைக்கு அப்டேட் போட வந்துட்டான்.

நவம்பர் 9, வியாழன்

எதையும் ஒட்டுவதில்லை என்று சபதம். கணினியின் பிழைப் பதிவேட்டை முதல் வரியிலிருந்து படித்தேன். படிக்காமலே ஐம்பத்தெட்டு வயது வரை வந்த வீரன் நான்! நானூறாவது வரிக்குப் பக்கத்தில் அகப்பட்டது: நேற்று நான் வலுக்கட்டாயமாக நீக்கிய நிரல் ஒன்று பாதி போய், பாதி உட்கார்ந்திருந்தது. கிளம்புமுன் ஒரு கோப்பைத் தேடுகிறது. அந்தக் கோப்பையும் நானே அழித்திருக்கிறேன். அதே பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்தேன். மரியாதையாக எழுந்து போனது. பழைய டிரைவர் வந்து அமர்ந்தது. இனி எந்த அப்டேட்டும் அதைத் தொடாதபடி பூட்டினேன்.

பதினொன்று நாற்பதுக்கு முதல் தாள். நிக்கென் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த கட்டுத் தாளைப் பிரித்தாள்.

நவம்பர் 10, வெள்ளி

இருநூறும் போய்ச் சேர்ந்தன. கஸ்மின் அண்ணனிடம் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். "புதன்கிழமையே உன் மூஞ்சில தெரிஞ்சுது. கேட்டா அழுதுடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார். படத்தை விரல் நுனியால் துடைத்தார். தூசி எதுவும் இல்லை.

நவம்பர் 20, திங்கள்

நிக்கென் கடைக்கு இரண்டாவது கணினி வாங்கியிருக்கிறாள். என்ன போடப் போகிறாளோ என்று ஓடினேன். லினக்ஸை அவளே நிறுவி முடித்து, அதில் ஒரு கல்யாணப் பத்திரிகையை அச்சிட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் ஏதோ பிழை வந்தது. வாயைத் திறந்தேன்.

"இருங்க சித்தப்பா, படிச்சிட்டிருக்கேன்."