தனலெட்சுமியின் படப்பெட்டி

8.3.83, செவ்வாய்

விடியும்போதே மழை. தாப்பாவில் பஸ் தாமதம். ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதையில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடை. முதல் பாடம் பாதி போயிற்று.

நாலாம் வகுப்புக்குப் புது முறை இன்று தொடக்கம். ஈப்போ பயிற்சியில் சொன்னதுதான். தலைப்பு ஒன்று, செய்யும் வழி பிள்ளைக்குப் பிள்ளை வேறு. தலைப்பு: எங்கள் வீட்டில் ஒரு நாள். எழுத வருகிறவர்களுக்குக் கட்டுரை. பேச வருகிறவர்களுக்கு என் டேப் ரெக்கார்டர். இரண்டும் வராதவர்களுக்குப் படப்பெட்டி. அட்டைப் பெட்டியில் சன்னல் வெட்டி, மாஜோங் என்கிற பெரிய வெள்ளைத் தாளை நீளமாக ஒட்டிப் படம் வரைந்து, இரண்டு குச்சிகளில் சுற்றி உருட்டினால் டிவி மாதிரி ஓடும்.

தனலெட்சுமிக்குப் படப்பெட்டி. தன் பெயரை எழுதவே பாதிப் பாடம் ஆகும் அவளுக்கு. வாயும் திறக்க மாட்டாள். பெட்டியைக் கொடுத்ததும் கேட்டாள், "நெசமாவே எழுத வேணாமா டீச்சர்?" என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

வாங்க வேண்டியவை: பசை, கலர் பென்சில், தலைவலி மாத்திரை.

10.3.83, வியாழன்

வெயில். மாத்திரை வாங்க மறந்தாயிற்று.

தனம் படத்தை ஓட்டிக் காட்டினாள். லயத்து வீடு. தலையில் விளக்குடன் மரத்தில் பால் வெட்டப் போகும் அப்பா. அடுப்படி. அடுப்புப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண், பச்சைச் சேலை. அடுத்த படத்திலும் அவள். தனம் சாப்பிடுகிறாள், அவள் பார்க்கிறாள். தனம் தூங்குகிறாள், அவள் பார்க்கிறாள்.

"இது சித்தியா?"

"இல்ல டீச்சர். அம்மா."

அம்மா மஞ்சள்காமாலையில் போய் இரண்டு வருடம். சாவுக்கு நானும் போயிருந்தேன். பச்சைச் சேலை கட்டித்தான் எடுத்துப் போனார்கள்.

"அம்மா இருந்தப்ப நடந்ததாம்மா?"

"இல்ல டீச்சர். நேத்து."

பயம் இல்லை, அழுகை இல்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குத்தான் முதுகு சில்லென்று.

11.3.83, வெள்ளி

தலைமையாசிரியர் படப்பெட்டிகளைப் பார்வையிட்டார். தனத்தின் பெட்டி முன் நின்றுவிட்டார்.

"இதுக்கு எப்படி மார்க் போடுவீங்க டீச்சர்?"

"சொல்ல வந்ததச் சொல்லியிருக்கா சார்."

"அதான் பயமா இருக்கு. அடுத்த சனி பெற்றோர் நாள். அந்தப் பொண்ணோட சித்தி வரும். அப்பா கட்டி வந்து மூணு மாசம்கூட ஆகல. இதப் பார்த்தா அது மனசு என்ன பாடுபடும்? உள்ள எடுத்து வச்சிருங்க லா."

கெட்ட மனுஷர் இல்லை. நான் பயந்ததைத்தான் அவரும் சொன்னார்.

தனத்திடம் மெதுவாக: "சித்திய எங்கயும் காணோமே?"

"சித்தி வெளியதான் டீச்சர் இருப்பாங்க. அடுப்பாங்கரைக்கு வர மாட்டாங்க. முத்தத்துல மூணு கல்லு வச்சிச் சமைக்கிறாங்க."

பொருட்டாகத் தோன்றவில்லை அப்போது. வீட்டுக்கு வந்தபின்தான் ஏன் என்று யோசனை.

14.3.83, திங்கள்

மற்ற பிள்ளைகளின் வேலை எல்லாம் திருத்தியாயிற்று. தனத்துக்கு மட்டும் மார்க் கட்டம் காலி.

பெட்டியை ஒளித்து வைத்தால் அவள் இனி எதையும் சொல்ல மாட்டாள். பெற்றோர் நாளில் வைக்கத்தான் போகிறேன்.

இன்று சமையல் இல்லை. அடுப்புப் பக்கம் திரும்பாமல் ரொட்டி. படித்தவளாம்.

19.3.83, சனி

பெற்றோர் நாள். நல்ல கூட்டம். டேப் ரெக்கார்டர் இரண்டு முறை சிக்கியது.

தனத்தின் அப்பா மாரிமுத்து வரவில்லை. சித்தி பார்வதி மட்டும். என் வயதுதான் இருக்கும். தனம் குச்சியைச் சுற்றச் சுற்றக் குனிந்து பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு முறை சுற்றச் சொன்னாள். பிறகு, "நீ போயி தண்ணி குடிச்சிட்டு வாம்மா."

தனம் போனதும் பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த மொத வாரமே பார்த்துட்டேன் டீச்சர். அடுப்புக்கு அந்தப் பக்கம். இதே பச்சச் சேல. யார்கிட்ட சொல்றது? பைத்தியம்னுருவாங்க. அதான் வெளிய சமைக்கிறேன்." சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "நான் ஒருத்திதான்னு நெனச்சேன். இந்தப் புள்ளைக்கும் தெரியுதா!"

தனம் திரும்பி வந்ததும் அவள் வாயைப் பார்வதி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். தனம் விலகவில்லை.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா டீச்சர்? அவரு பாக்கணும்."

தூரத்தில் நின்று தலைமையாசிரியர் என்னையே பார்த்தார். கொடுத்தனுப்பினேன்.

20.3.83, ஞாயிறு

துணி துவைத்தது மட்டும். கொடுத்திருக்கக் கூடாதோ.

22.3.83, செவ்வாய்

நேற்று தனம் வரவில்லை. இன்றும் காணோம். மனம் எதிலும் நிற்கவில்லை.

பள்ளி விட்டபிறகு மாரிமுத்து வந்தார். உடம்பெல்லாம் ரப்பர்ப்பால் வாடை. ஒரு கையில் பெட்டி, மறு கையில் தனம். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

பெட்டியை மேசைமேல் வைத்தார். தாளில் ஒரு கிழிசல் இல்லை.

"ரெண்டு நாளா இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர். வேலைக்கும் போகல, இவளையும் அனுப்பல. இன்னிக்கித்தான் வேல வாங்குற மண்டோர் வந்து சத்தம் போட்டு இழுத்துட்டுப் போனாரு."

குச்சியை மெல்லச் சுற்றி அடுப்படிப் படத்தில் நிறுத்தினார்.

"தெனமும் நான் அதே அடுப்படியிலதான் கோப்பி குடிக்கிறேன். புள்ளைக்குத் தெரியுது. நேத்து வந்தவளுக்குத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் தெரியல டீச்சர்? எம்மேல அப்படி என்ன கோவம் அவளுக்கு?"



தனத்தின் முன்னால் குந்தினார்.

"அம்மா என்னப் பாக்குமா, தனம்?"

தனம் தலையாட்டினாள்.

"நீங்க முதுகத் திருப்பி வெளிய போறப்ப பாக்கும்பா."