ரேவா ஏன் போனாள்

மார்ச் 3, செவ்வாய்

ஷட்டரைத் தூக்கும்போது இன்றும் கையெல்லாம் கிரீஸ். கடை முதலாளி மஜீது பாய் நோன்பு வைத்திருப்பதால் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறார். அதுவரை கேம் சென்டர் என் பொறுப்பு. பெருக்கி, ஸ்கிரீன்களைத் துடைத்து, ஹெட்போன்களை மாட்டி வைத்துவிட்டால், முதல் ஆள் வரும்வரை மூன்றாம் நம்பர் மெஷினில் நான் ஆடிக்கொள்ளலாம். இது அவராகச் சொன்னது. நானாகக் கேட்டிருக்க மாட்டேன்.

போனில் ‘ஓர்வென் தமிழ்’ குழுவில் ஒரே சண்டை. ஓர்வென் ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. முதல் பாகத்தில் ரேவா என்கிற பெண் நம் ஆளுடன் கூடவே வருவாள். வாள் வீசுவாள், காயத்துக்கு மருந்து போடுவாள். அவளை என்ன செய்தாலும் வருவாள். இரண்டாம் பாகத்தில் அப்படி இல்லையாம். நாம் நடத்துகிற விதத்தை ஞாபகம் வைத்துக்கொள்வாளாம், பிடிக்காவிட்டால் போய்விடுவாளாம். போனால் போனதுதான். ஆட்டம் தானாகவே பதிவாகிக்கொண்டே இருக்கும் என்பதால் பின்னால் போய்ச் சரிசெய்யவும் முடியாது.

“நம்ம கேம்ல நம்ம ஆளே நம்மள விட்டுட்டுப் போவாளா? என்ன கொடுமைங்க?” என்று ஒருவர். குழுவை நடத்துகிற வரதன், மதுரைக்காரர், “இதைத் தூக்கச் சொல்லணும்” என்று எழுதியிருந்தார். திருநெல்வேலி கீர்த்தி மட்டும், “இருக்கட்டுமே, பாப்போம்” என்றாள்.

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றும் எழுதவில்லை. எப்போதும் எழுதுவதில்லை. ஆனால் ஒரு கேள்வி வந்தது — போகிறவள் எங்கே போவாள்? அதற்கும் ஓர் இடம் வரைந்து வைத்திருப்பார்களா?

மார்ச் 6, வெள்ளி

சோதனைப் பதிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரம் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். இறங்குவதற்குள் பகல் முழுக்கப் போய்விட்டது. நடுவில் கரண்ட் கட் வேறு. மூன்றாம் நம்பரில் மட்டும் ஏற்றினார் பாய்.

எங்கள் கடையில் ஒரு மெஷினுக்கு ஆட்டத்துக்குள் ஒரே ஆள்தான். யார் வந்து உட்கார்ந்தாலும் முன்னால் ஆடியவர் விட்ட இடத்திலிருந்து அதே ஆளை வைத்துத்தான் ஆட வேண்டும். நேரம் முடிந்ததும் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இதற்குக் ‘கை மாத்தறது’ என்று பெயர். முதல் பாகத்தை இப்படித்தான் எல்லாருமாகச் சேர்ந்து முடித்தோம்.

ஆளுக்குப் பெயர் வைக்கப் பெரிய பஞ்சாயத்து. கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிற தீனா ‘ராயபுரம் ராக்கெட்’ என்று வைத்தான்.

“ராக்கெட்டுக்கு இன்னாத்துக்குடா ஊர் பேரு?” என்றான் கூட ஆடுகிற நசீர்.

“ஊரு இல்லாத ராக்கெட்டு எங்கடா எறங்கும்?”

பாய்கூடச் சிரித்துவிட்டார். நான் ஹெட்போன் ஒயரைச் சுற்றுவதுபோலக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

மார்ச் 9, திங்கள்

ரேவா தள்ளியே நிற்கிறாள். நெருப்பு மூட்டினால் அந்தப் பக்கம் போய் உட்காருகிறாள். ரொட்டி நீட்டினால் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கிறாள். என் கை என்றால் ராக்கெட்டின் கை.

சாயந்திரம் தீனாவும் கவனித்துவிட்டான். “இன்னாடா இது, மூஞ்ச திருப்பிகினு கீறா?” குழுவில் கேட்டான். வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லையாம். நன்றாக நடத்துகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறாள். மோசமாக நடத்துகிறவர்களைத் திட்டிவிட்டு நேராகப் போய்விடுகிறாள். எங்கள் ரேவா ரெண்டுங்கெட்டானாக இருக்கிறாள். “பிழையா இருக்கும். குறிச்சுக்கிறேன்” என்றார் வரதன். இன்னொருவர், “வடசென்னைப் பசங்க இல்லியா, அவளே பயந்துட்டா போல” என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். தீனா போனை மேஜையில் ஓங்கி வைத்தான்.

மார்ச் 10, செவ்வாய்

ரொட்டியை வாங்கவே இல்லை. நான் என்ன செய்தேன்?

மார்ச் 11, புதன்

இன்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சுவரோரம் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தேன்.

தீனா குகை வாசலில் ரேவாவை முதலில் உள்ளே அனுப்புகிறான். ஓநாய்கள் அவள்மேல் பாய்ந்த பிறகு இவன் பின்னால் போய் அடிக்கிறான். “அதுக்குத்தானே கூட கீறா.” லாரி ஒர்க்‌ஷாப் சின்னப்பையன் அண்ணன் (பேர்தான் அப்படி, ஆள் பெரியவர்) அவளைப் பேசவே விடுவதில்லை. அவள் வாயைத் திறந்தால் பட்டனை அமுக்கித் தள்ளிவிடுகிறார். நசீர் நோன்பு திறந்துவிட்டு வந்து, இருக்கிற மருந்தையெல்லாம் அவளுக்கே கொடுத்துவிட்டு ராக்கெட்டைச் சாக விடுகிறான்.

கை மாறுவது எங்களுக்குத் தெரியும். ரேவாவுக்குத் தெரியாது! அவளுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம். காலையில் ரொட்டி கொடுத்தவன் சாயந்திரம் ஓநாய்முன் தள்ளுகிறான், அப்புறம் அவனே மருந்து போடுகிறான். எந்த நேரத்தில் எது வரும் என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதனால்தான் கையையே பார்க்கிறாள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டும்போல இருந்தது.

மார்ச் 12, வியாழன்

பாயிடம் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். “கரெக்டாத்தான் கீது. பசங்ககிட்ட நீயே சொல்லும்மா.”

நானா? சாயந்திரம் தீனாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். சொல்லவும் செய்தேன். பாதிதான் வெளியே வந்தது.

“பொம்மைக்குக் கோவமாம், டோய்!” என்றான் தீனா. “நாளைக்கு ஜாய்ஸ்டிக்கு கோச்சுகினு வூட்டுக்குப் பூடும், பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். நசீர் சிரிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

போய்விட்டாள். என் கையில் இருக்கும்போதே போய்விட்டாள்.

காலையில் ராக்கெட்டைச் சும்மா ஆற்றோரம் நடத்திக்கொண்டு போனேன். சண்டை இல்லை, ஒன்றுமில்லை. மரப்பாலத்துக்கு நடுவில் ரேவா நின்றாள். தோள்பையை இறக்கி வைத்தாள். எங்கள் மருந்து, கயிறு எல்லாம் அதில்தான். பிறகு திரும்பி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மூடுபனிக்குள் போய்விட்டாள். அங்கே இடம் எதுவும் வரையவில்லை. வெறும் வெள்ளை.

தீனா வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். “நீ இன்னா பண்ண அவள? சொல்லுமே! எங்க கைல இருந்த வரைக்கும் இருந்தாளே!”

நான் ஒண்ணும் பண்ணல. சத்தியமா ஒண்ணும் பண்ணல. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“பாய், இனிமே இத மெஷின்ல குந்த வெக்காத. ஆள் ஆளுக்குக் கெடுத்துவுட்டா நாங்க எங்க போறது?”

“ரெண்டு நாளு போவட்டும்மா” என்றார் பாய் என்னிடம்.

கடையில் எனக்கென்று இருந்தது அந்தக் காலை நேரம் மட்டும்தான். அதுவும் போனது.

மார்ச் 15, ஞாயிறு

மதியம் குழுவில் எல்லாரும் வாய்ஸ் காலில் கூடினார்கள். ரேவா போவதை எடுத்துவிட வேண்டும் என்று தமிழ் ஆட்டக்காரர்கள் சார்பில் கேட்பதா, வேண்டாமா? வரதன் முடிவைக் கம்பெனிக்கு அனுப்புவார். கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். தீனா முதல் ஆளாகப் பேசினான். “எங்களுக்குக் காரணமே இல்லாம பூட்டா, தல. கலீஜான பிழை. தூக்கச் சொல்லு.”

“ஆமா, ராயபுரத்துப் பிழைய நானே எழுதி வச்சிருக்கேன்” என்றார் வரதன்.

காரணமே இல்லாம. அந்தச் சொல்தான் என்னை எழுப்பிவிட்டது. தீனாவுக்கு முன்னால் இருந்த மைக்கை இழுத்தேன்.

“அது பிழை இல்லண்ணா. நாங்க நாலு பேரு ஒரே ஆளா ஆடறோம். ஒருத்தர் ஓநாய்கிட்ட தள்ளுறோம், ஒருத்தர் சோறு போடறோம். அவளுக்கு அது தெரியாது. இவன் எப்ப நல்லவன், எப்ப கெட்டவன்னு புரியாம நின்னுகினே இருந்தா. தள்ளினப்ப போவல. சும்மா இருந்தப்ப போனா. அப்பதானே போவ முடியும்?”

நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை.

“எங்க ஸ்கூல்ல ஒரு சார் அப்டித்தான். ஒருநாள் சிரிப்பாரு. மறுநாள் அதே கேள்விக்கு அடிப்பாரு. அவரு நல்லா சிரிச்ச ஒருநாள்தான் நான் பைய எடுத்துகினு வந்துட்டேன். காரணமே இல்லாம நின்னுட்டான்னு சொன்னாங்க. அவ போறத எடுத்துட்டா, ஏன் போனான்னு யாருமே யோசிக்க மாட்டாங்க.”

சொன்ன பிறகுதான் கடையில் எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. கீர்த்தியின் குரல் வந்தது. “உங்க பேரு என்ன?”

“சிவந்தி.”

“சிவந்தி, நாலு பேர்ல அவ யாரை விட்டுட்டுப் போனா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இப்போதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டெடுப்பில் எடுக்கச் சொன்னவர்களே ஜெயித்தார்கள். ஆனால் நான் சொன்னதையும் அப்படியே சேர்த்து அனுப்புவதாக வரதன் சொன்னார். “பிழைன்னு எழுதினத அடிச்சிட்டேம்மா” என்றார்.

தீனா வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மார்ச் 16, திங்கள்

“இன்னா தரைய தேய்ச்சிகினு கீற? போய் குந்து” என்றார் பாய். மூன்றாம் நம்பரில் புது ஆள். பெயர் இன்னும் வைக்கவில்லை.

மார்ச் 21, சனி

பெருநாள். கடை மூடல். பாய் வீட்டு பிரியாணி நசீர் கையில் வந்தது. அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், “யாருடி இவங்கள்லாம் ஒனக்கு?” என்று.

ஏப்ரல் 18, சனி

ஓர்வென் இரண்டு முழுதாக வந்துவிட்டது. ரேவா போவதை எடுக்கவில்லை. வேண்டாதவர்கள் அதை ஆஃப் செய்துகொள்ளலாம் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். குழுவில் இப்போது அந்தப் பட்டனைப் பற்றிச் சண்டை.

நேற்று ஏற்றும்போது, “அவ போறத போடவா, ஆஃப் பண்ணவா?” என்று பாய் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தீனா சொன்னான். “போடு பாய். கூட இருந்தே ஆவணும்னா அது இன்னா தோஸ்து?”

இன்று மதியம் தீனா வேலை முடிந்து வந்தான். ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வாங்கிக்கொண்டு ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“காலைல இன்னா பண்ண அவள?”

“நெருப்பு போட்டேன். கூப்புடல. அவளே வந்து குந்தினா.”

“எவ்ளோ தள்ளி?”

“ஒரு ஆளு தூரம்.”

“செரி. இன்னிக்கு குகைக்குப் போவல.”

ராக்கெட்டை (புது ஆளுக்கும் அதே பெயர்தான்) நெருப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டான். தன் முறைக்குக் காத்திருந்த சின்னப்பையன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாடா, ஆடாம குந்திகினே கீற?”

“கம்னு இருண்ணா,” என்றான் தீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவ பாத்துகினு கீறா.”