நிமிர்த்தப்பட்ட முதுகு

வாலாஜாபாத்
10.11.2025

மெர்சிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில், பல்கூடத் துலக்காமல், லைனில் வேலை செய்யும் ஜாஸ்மினின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். டிரெயினிங் பிரிவுக்காக நான் வரைந்தபோது அவள் குனிந்து நின்றாள். உன் ஆபீஸ் போய்த் திரும்பிய அதே தாளில் நிமிர்ந்து நிற்கிறாள்.

பென்சில் பெட்டியை வாங்கித் தந்தவள் நீ. நான் 4பி, 6பி கேட்டேன். எட்டு நொடியில் லைனில் நிற்பவள் கை அடுத்த பாகத்துக்குப் போய்விடும், உருவத்தைப் பிடிக்க மெத்தென்ற முனை வேண்டும் என்றேன். எச்.பி. போதும், கரி அப்பாது, திருத்தலாம் என்றாய். பேனா கூடவே கூடாது என்றாய். வெள்ளை ரப்பர் மட்டும் இரண்டு வைத்தாய். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆனால் கெட்டி முனை தாளில் பள்ளம் போடும். ரப்பர் கரியைத்தான் எடுக்கும். பழைய முதுகு அங்கேயே வளைந்து கிடக்கிறது.

உள்ளே போட்டோ எடுக்கக்கூடாதென்று கேட்டிலேயே போன் கேமராவை ஸ்டிக்கர் ஒட்டி மூடும் கம்பெனியில் என் படம்தான் அவளுக்குச் சாட்சி. முதுகுவலி என்று பொய் சொல்லி ஓ.டி.க்கு மறுத்தாள் என்று வருகிற வெள்ளிக்கிழமை விசாரித்து அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்க்கிறீர்கள். படம் மாறியதைச் சொன்னதும் ஜாஸ்மின் சிரித்தாள்: "பேப்பர்ல நிமித்திட்டாங்களா? அப்ப வலி மட்டும் இன்னாத்துக்குக்கா கீது?"

என் போனை நீ எடுப்பதில்லை. கம்பெனி பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கலைமணி


ஒரகடம்
12.11.2025

கலைமணி அவர்களுக்கு,

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம் என்பதற்காக என்ன வேண்டுமானாலும் எழுதுவாயா? வேலையில்லாமல் சும்மா இருந்த உன்னை டிரெயினிங் பிரிவில் சேர்த்துவிட்டது நான். எனக்கே பென்சில் பாடம் நடத்துகிறாய். ஆமாம், நான்தான் அழித்தேன். மேலேயிருந்து சொன்னார்கள், அழித்தேன்.

போன வருஷம் காந்திமதி லைனில் மயங்கி விழுந்தாளே, அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா? அந்த லைனில் ஸ்டூலே கிடையாது. ஸ்டூல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவளை உட்காரவைத்தே வரைந்துவிட்டாய். நின்று மயங்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தாள் என்று அதைக் காட்டித்தான் அவளை வேலையை விட்டு அனுப்பினோம். அந்தத் தாளில் என் கை படவே இல்லை. உன் கையில் பேனா இருந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பாய்?

இனி எழுதாதே.

மெர்சி
மனிதவளப் பிரிவு


வாலாஜாபாத்
13.11.2025

மெர்சி,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஸ்டூல் பற்றி நீ எழுதியது உண்மை. அன்று அவசரமே இல்லை. ஸ்டூலின் நான்கு கால்களுக்கும் நிழல்கூடப் போட்டேன். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, பயம். நீயும் பயந்துதான் அழித்திருப்பாய். அதனால் உன்மேல் இருக்கும் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

நாளை விசாரணையில், நீ அழித்த தாளைப் பற்றி மட்டும் பேசுவேன் என்று ஜாஸ்மின் நம்பிக்கொண்டிருக்கிறாள். பொய்ப் படம் போட்டவள் என்று தெரிந்தால் என் பேச்சு எடுபடுமா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். நீங்களாகக் காந்திமதி படத்தை எடுத்துப் போடுவதற்குள் நானே சொன்னால் எடுபடலாம். என் வேலை போய்விடும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, இந்தக் கடிதமும் உன் கைக்கு வராது. தெரிந்தால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டாய். விசாரணையில் என் பெயரைக் கூப்பிட்டதும் நான் முதலில் சொல்லப்போவது காந்திமதியின் பெயரை.

கலைமணி