சாய்ந்த மூடி

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. "மாமனார்கிட்ட பேசியாச்சா?" என்று, என்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் எக்ஸ்ரேக்காரர் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு என் பயம் தெரியாமலா இருக்கும்? மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறேன். வீட்டில் ஒரே ஒருவரிடம் ஒரு வரி சொல்ல வரவில்லை. மாமாவின் மகன், என் வீட்டுக்காரர், இறந்து நான்கு வருடம். இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் இன்னொருவரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், அதற்கப்புறம் மாமாவுக்கு நான் யார்?

ஜூன் 14, சனி

வெளியே வைத்துச் சொல்வதுதான் சரி. நாலு பேர் நடுவில் யாரும் அழமாட்டோம். நாளை மதியம் டிம்சம் என்கிற சீனக் கொழுக்கட்டை விற்கும் கடை. "அது என்ன சாமான்?" என்றார் மாமா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லாமே அவருக்குச் சாமான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்குள் சில்லென்று இருந்தது. மூங்கில் கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டியோடு ஓர் அம்மா சுற்றி வந்தார். "மாமா, ஒரு விஷயம்" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் சொல்லிவைத்த மாதிரி வந்து நின்று கூடையைத் திறந்து காட்டினார். உள்ளே ஆவி பறக்க, இறாலை வைத்து மடித்த குட்டிக் குட்டிப் பொட்டலங்கள்.

"என்னமா மடிச்சிருக்காங்க, ஒரு பிசிறு இல்ல பாரு" என்றார் மாமா. கூடைமேல் கூடை ஏறியது. என் விஷயம் ஏறவில்லை.

இதில் தேநீர் வேறு. வேலை முடியாமல் மூடியைப் போடக் கூடாது என்பது மாமாவின் தொழில் பழக்கம். பானையைத் திறந்து பார்ப்பார், மூடியைச் சாய்த்தே வைப்பார். உடனே யாராவது வந்து நிரப்பிவிட்டுப் போவார்கள். "குடுத்ததை வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்கம்மா" என்று குடித்துக்கொண்டே இருந்தார். ஐந்து பானை. நடுவில் இரண்டு முறை எழுந்து போய்வந்தார்.

கடைசியில் வண்டிக்கார அம்மாவே சிரித்துவிட்டார். "மூடியைச் சாய்ச்சு வெச்சா இன்னும் வேணும்னு அர்த்தம். போதும்னா மூடிடுங்க."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வாயில் வந்துவிட்டது: "மாமா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மாமா மூடியை எடுத்துப் பானையை மூடினார். போதும் என்கிறாரா?

"மூணாவது பானையிலேயே தெரிஞ்சுபோச்சு" என்றார். "நீயா சொல்லட்டும்னுதான் உக்காந்து குடிச்சேன். ஆளு எப்படி?"

"நல்லவர் மாமா."

"சரி."

வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் 'சரி' நிஜமாகவே சரிதானா?

ஜூன் 16, திங்கள்

காலையில் மாமாவுக்குக் கண் சிவந்திருந்தது. "அவ்வளவு டீ குடிச்சா தூக்கம் எங்க வரும்?" என்றார். நம்பியதுபோல் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணமாகி மூன்று வாரம். இன்றுதான் எக்ஸ்ரேக்காரரோடு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா புதிதாக ஒரு தேநீர்ப் பானை வாங்கியிருக்கிறார். இருவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். பழைய லிஃப்ட் கதைகளைச் சொன்னார். இவர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

நாலு மணிக்கு எழுந்தோம். "கிளம்பறோம் மாமா."

"சரிம்மா, பாத்துப் போங்க" என்று அவரும் எழுந்தார்.

பையை எடுக்கத் திரும்பியபோது பார்த்தேன். மேசைமேல் பானையின் மூடி சாய்ந்திருந்தது.

"ஏன், கிளம்பலையா?" என்றார் இவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

பையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.