மண்ணெண்ணெய்க் காலத்து ஜெற்

கை இன்னும் பெற்றோல் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், மணம் போகவில்லை. நீர் இருந்திருந்தால் இந்தக் கையோடு சோற்றுக் கோப்பையைத் தொட விட்டிருக்கமாட்டீர். "தேசிக்காய்ப் பாதி கிடக்கு, தேய்ச்சுக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றிருப்பீர். தேசிக்காய் இப்போதும் குசினியில் கிடக்கிறது. எழும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

உமது முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சனமெல்லாம் போன பிறகு எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நான் எப்போது அழுவேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டிய மனுசியைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு வந்து, பால் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொன்னவன் நான். மரத்துப்போய்விட்டது என்று சொல்வார்களே, அதுதான். மகள் கொழும்புக்குத் திரும்பிய மறுநாள், எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகப் போயிற்று. பூட்டிய நாள் தொட்டு, ஸ்ராட் வரும், கொஞ்சத் தூரம் ஓடும், பிறகு கறுப்பாகப் புகைத்து முக்கி முக்கி நிற்கும். கொக்குவில் சந்தியில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. அந்த பஸ் டிரைவர் சொன்னதை உமக்கு எழுத முடியாது. பக்கத்து வீட்டுச் சிவம் அதைக் கண்டிருக்கிறான். பின்னேரமே மகளுக்குச் செய்தி போய்விட்டது.

"அப்பா, உதை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ" என்றாள் போனில். "அம்மாவும் இல்லை. உங்களுக்குக் காதும் கேளாது. நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பாக்கிறது?"

"திருத்துறன், பிள்ளை."

"இந்தக் கிழமைக்குள்ளை திருத்தாட்டில் நானே வந்து கூட்டிக்கொண்டு போவன்."

உம்முடைய மகள்தானே, சொன்னால் செய்வாள். ஆக, நான் இந்த வீட்டில் இருப்பதா, கொழும்பில் மாடி வீட்டு ஜன்னலுக்குள்ளால் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பதா என்பது ஒரு காபரேற்றரில் வந்து நின்றது. கராச்சுக்குக் கொண்டுபோனேன். கழற்றினார்கள், காற்றடித்தார்கள், பூட்டினார்கள். "உது சரிவராது ஐயா, புதுசு ஒண்டு வாங்கிப் போடுங்கோ" என்றார்கள். உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்தச் சைக்கிளின் நோயை நான் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. கை என்னுடையது, காது உம்முடையது. வேலை செய்த கந்தோருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததோடு என் வலது காது முழுதாகப் போயிற்று, இடதும் அரைவாசிதான். அதற்குப் பிறகு பின் சீற்றில் இருந்து கேட்டுச் சொன்னதெல்லாம் நீர். தோளில் தட்டுவீர். "இஞ்சேருங்கோ, இருமுது" என்றால் பெற்றோல் காணாது. "மூக்கடைச்சுக் கதைக்குது" என்றால் பெற்றோல் கூடிவிட்டது. டொக்டரிடம் பிள்ளையைக் கொண்டுபோன தாய் மாதிரி இருக்கிறது உம்முடைய கதை என்று சிரிப்பேன். ஆனால் பிழைத்ததில்லை.

உம்முடைய தங்கச்சியின் கலியாணத்துக்கு நெல்லியடிக்குப் போகிறபோது வல்லைவெளியில் நின்றுவிட்டோமே, நினைவிருக்கிறதா? நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்குரூட்றைவரோடு குந்தியிருக்கிறேன். நீர் பட்டுச் சேலையோடு கண்ணை மூடி என்ஜினைக் கேட்டுக்கொண்டு, ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறீர். காற்று சேலையை அள்ளுகிறது. "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ கூடிப்போச்சு, திரும்ப விடுங்கோ." மாப்பிள்ளை வீட்டு வான் எங்களைக் கடந்து போனது. எல்லோரும் ஜன்னலால் தலையை நீட்டிச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நீர் கண்ணைத் திறக்கவேயில்லை. "அவை போகட்டும், நீங்கள் திருப்புங்கோ" என்றீர்.

இப்போது காது இல்லை. கண்ணாலும் மூக்காலும்தான் பார்க்கவேண்டும். இன்று காலை மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக்கொண்டு இருந்தேன். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரிக் கறுத்து, ஈரமாக இருந்தது. உம்முடைய மூக்கடைப்புத்தான். ஒன்றில் காற்றுக் காணாது, அல்லது பெற்றோல் கூட. காற்று வடியைத் தட்டிப் பார்த்தேன், சுத்தம். சோக் ஒழுங்காகத் திறந்து மூடியது. மிதவை ஓட்டையாகி உள்ளே பெற்றோல் புகுந்திருக்குமோ என்று பார்த்தேன். அதைக் காதடியில் வைத்துக் குலுக்குவது உம்முடைய வேலை. நான் சுடுதண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழியும் வரவில்லை. எல்லாம் நன்றாக இருந்தன. மிஞ்சியது ஜெற். பெற்றோலை அளவாக விடுகிற அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு. நானே பார்த்துப் பார்த்துப் பூட்டியது என்பதால் அதை நான் சந்தேகிக்கவில்லை. கராச்சிலும் அது மினுங்குவதைப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஓட்டையால் வெளிச்சம் தேவைக்கு மேல் தாராளமாக வந்தது.

அது உம்முடைய ஜெற்.

சண்டை நடந்த, குடாநாட்டுக்குப் பெற்றோல் வர விடாத காலம் அது. ஊர் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றரின் வாய்க்குள் ஊசிமருந்துச் சிறிஞ்சால் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். மண்ணெண்ணெய் தடிப்பு, ஜெற்றின் ஓட்டை காணாது என்று, அதற்காக வாங்கிவைத்த இன்னொரு ஜெற்றை நான் ஆணியால் குடைய வெளிக்கிட்டேன். "உங்கடை கை மண்வெட்டி பிடிக்கிற கை. தாங்கோ இஞ்சை" என்று பறித்தீர். தையல் ஊசியின் முனையை அரத்தில் ராவி, கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு பின்னேரம் முழுக்க மெல்ல மெல்லத் திருப்பினீர். பெற்றோல் வந்த பிறகு பழைய ஜெற்றைப் போட்டுக்கொண்டோம். இதை எறியப் போனேன். "எறியாதேங்கோ. ஆருக்குத் தெரியும், திரும்பவும் தேவைப்படும்" என்று ஆணி, ஸ்குரூ போடுகிற ரின்னுக்குள் போட்டீர். நாங்கள் எதைத்தான் எறிந்தோம்? அன்று கழுவியபோது கழற்றியவற்றை அந்த ரின்னுக்குள்தான் போட்டேன். வந்த கைக்கு உம்முடையது வந்திருக்கிறது. மண்ணெண்ணெய் ஜெற்றைப் போட்டுப் பெற்றோலில் ஓடுகிற விசர்ப் புத்தி, இந்த ஊர்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் வராது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது அழுகை வரும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காத்தும் பார்த்தேன். வரவில்லை. எழும்பிப் பழைய ஜெற்றைத் தேடி எடுத்துப் பூட்டினேன். முதல் உதையிலேயே ஸ்ராட் வந்தது. வீட்டடி ஒழுங்கையைச் சுற்றி ஓடிவிட்டு வந்து பிளக்கைப் பார்த்தால் நல்ல தேத்தண்ணி நிறம். சிவத்தைக் கூப்பிட்டு "சத்தம் எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தானே கிடக்கு, அண்ணை" என்றான். நீர் ஒருநாளும் வெறுமனே நல்லாய்க் கிடக்கு என்று சொன்னதில்லை.

மகளுக்குச் சொன்னேன். "சரி அப்பா, இருங்கோ. ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஓடுங்கோ" என்றாள். வென்றுவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உம்மிடம் சொல்லாமல் எப்படிச் சந்தோஷப்படுவது என்று தெரியவில்லை. மனம் உம்மைத் தேடுகிறது.

பின்னேரம் பெற்றோல் அடிக்க ஷெட்டுக்குப் போனேன். அடிக்கிறவர் தாங்கியின் மூடியைத் திறக்க முடியாமல் நின்றார். "ஐயா, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருங்கோ. தாங்கிக்கு மேலை ஏறி இருக்கிறியள். பின்னாலை இவ்வளவு இடம் சும்மா கிடக்கு."

திரும்பிப் பார்த்தேன். அரைவாசிச் சீற் வெறுமையாகக் கிடந்தது. தள்ளி இருந்தேன். அடித்து முடிந்ததும் வெளிக்கிட்டேன். எந்த இடத்தில் நகர்ந்தேனோ தெரியாது, வீட்டுக் கேற்றடிக்கு வந்தபோது பழையபடி தாங்கியோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். என்ஜினை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, பிறேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவம் மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன அண்ணை, இறங்கேல்லையோ?" என்று கேட்ட பிறகுதான் விளங்கியது, நீர் முதலில் இறங்கட்டும் என்று நின்றிருக்கிறேன்.